முதலில் பிறந்தவளுக்கா, எடை கூடியவளுக்கா?

கேள்வி: இருபத்தாறு நாட்களுக்கு முன்பு, கர்ப்பத்தின் 35-ஆவது வாரத்தில், சிசேரியன் மூலம் எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி என்று ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். அச்சு அசலாக ஒரே முகம். முதலில் எடுக்கப்பட்டவள் 1.7 கிலோ, ஒரு நிமிடம் கழித்து எடுக்கப்பட்டவள் 2.3 கிலோ. முதல் குழந்தை சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மீனாட்சி, யாழினி என்று இரண்டு பெயர்களை முடிவு செய்துவிட்டோம். மீனாட்சி என்பது சென்ற ஆண்டு காலமான என் மாமியாரின் பெயர். முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் என் நாத்தனார், "அம்மா பெயரை நோஞ்சான் பிள்ளைக்கு வைக்க வேண்டாம், பின்னால் பிறந்தவள்தான் உண்மையில் மூத்தவள், அவளுக்கு வைப்போம்" என்கிறார். மாமனார் நட்சத்திர எழுத்தைப் பார்க்கச் சொல்கிறார். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்பது கணவரின் யோசனை. வரும் முப்பதாம் நாளில் பெயர் சூட்டுவதாக இருக்கிறோம். எந்தப் பெயரை யாருக்கு வைப்பது? பிறகு பொருந்தவில்லை என்று தோன்றினால் மாற்றிக்கொள்ள முடியுமா? இரண்டு பேரையும் நாங்களே மாற்றிவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது.
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர் என்ற முறையில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். எனவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பிறந்த, எடை குறைந்த அந்தக் குழந்தைக்கே மீனாட்சி என்ற பெயரை வையுங்கள். உங்கள் வீட்டு வழக்கமும் அதைத்தான் சொல்கிறது, மருத்துவமனையின் பதிவேடும் அதே வரிசையில்தான் இருக்கிறது, அவளுடைய உடல்நிலையிலும் அந்தப் பெயரை அவளுக்கு மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

உங்கள் நாத்தனாரின் அச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. சென்ற ஆண்டுதான் தாயை இழந்த ஒரு மகள், அந்தத் தாயின் பெயரைத் தாங்கப்போகும் குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் இரண்டாம் முறையும் இழப்போமே என்று பயப்படுவது இயல்பு. அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அச்சத்துக்கு அடிப்படையாக இருக்கும் எண்ணம், அதாவது 1.7 கிலோவில் பிறந்தவள் இயல்பிலேயே நோஞ்சான் என்பது, சரியன்று. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்ட உங்கள் குழந்தைகள் இருவரும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவர்கள். இருவருடைய மரபணுக்களும் ஒன்றே. அப்படியிருந்தும் இவ்வளவு எடை வேறுபாடு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், நஞ்சுக்கொடியில் ஒருத்திக்குக் கிடைத்த பரப்பு மற்றவளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்ததும், அவளுடைய தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் நடுவில் சேராமல் ஓரத்தில் சேர்ந்திருந்ததும்தான். கருப்பையில் பங்கு குறைந்தது, அவ்வளவே. வெளியே வந்த பிறகு அவளுக்கான பாலை யாரும் பங்கு போட்டுக் குறைக்கப்போவதில்லை என்பதால், இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடையில் உடன்பிறந்தவரை நெருங்கிவிடுகிறார்கள். இதை உங்கள் நாத்தனாருக்கு நீங்கள் சொல்வதைவிட, அடுத்த முறை குழந்தைகளை எடை பார்க்கக் கொண்டுசெல்லும்போது அவரையும் உடன் அழைத்துச்சென்று மருத்துவர் வாயால் கேட்கச் செய்வது நல்லது. நாத்தனாரிடம் நேரடியாக வாதாடி வென்ற மருமகள்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பின்னால் பிறந்தவளே மூத்தவள் என்ற வாதத்தை உங்கள் நாத்தனார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முதலில் கருவான குழந்தை உள்ளே தள்ளி இருக்கும், பிறகு கருவான குழந்தை வாசலருகே இருந்து முதலில் வெளிவரும் என்று நம் ஊர்ப்பக்கங்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்களிடமும் இதே நம்பிக்கை இருக்கிறது. அவர்களிடம் இரட்டையரில் முதலில் பிறப்பவருக்குத் தாய்வோ, பின்னால் பிறப்பவருக்குக் கெஹிந்தே என்று பெயர்களே முன்கூட்டித் தீர்மானமானவை. மூத்தவராகக் கருதப்படுபவர் கெஹிந்தேதான், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியையோ தங்கையையோ முதலில் அனுப்பிவைத்தார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேட்க அழகாக இருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் குழந்தைகளோ ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உண்டானவர்கள். அவர்களில் முந்திக் கருவானவள், பிந்திக் கருவானவள் என்ற பிரிவுக்கே இடமில்லை. சிசேரியனில் கருப்பையைத் திறந்தவுடன் கைக்கு அருகில் இருக்கும் குழந்தை முதலில் எடுக்கப்படுகிறது. மூத்தவள் என்ற தகுதி அந்த ஒரு நிமிடத்தால் வருவதே தவிர வேறில்லை. ஒன்றை மட்டும் நீங்களே யோசித்துப் பாருங்கள்: முதலில் பிறந்தவள் 2.3 கிலோவும் பின்னால் பிறந்தவள் 1.7 கிலோவுமாக இருந்திருந்தால், இந்த நம்பிக்கை உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவுக்கு வந்திருக்குமா?

பிறந்த வரிசைப்படி பெயர் வைப்பதற்கு நம் மரபிலேயே முன்மாதிரி உண்டு. இராமாயணத்தின் உத்தர காண்டத்தில், சீதைக்கு இரட்டையர் பிறந்த செய்தி கேட்டு வரும் வால்மீகி, மந்திரித்த தருப்பையின் நுனிப்பகுதியால் முதலில் பிறந்தவனையும் அடிப்பகுதியால் பின்னால் பிறந்தவனையும் துடைக்கச் சொல்லி, அந்தப் பகுதிகளின் பெயர்களான குசன், லவன் என்பவற்றையே முறையே இருவருக்கும் வைக்கிறார். பேச்சில் லவ-குசன் என்று இளையவன் பெயரை முன்னால் சொல்லிச் சொல்லியே, லவன்தான் மூத்தவன் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமனார் சொல்லும் நட்சத்திர எழுத்து உங்களுக்கு இந்த இடத்தில் உதவாது. நான் சோதிடம் பார்ப்பவர் அல்லர்; கணக்கை மட்டும் சொல்கிறேன். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. நட்சத்திரத்துக்கு நான்கு பாதங்கள் என்பதால் ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். பெயரின் முதலெழுத்து பாதத்தை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. ஒரு நிமிட இடைவெளியில் பிறந்த இருவருக்கும், அந்த நிமிடத்திலேயே பாதம் மாறியிருந்தாலொழிய, ஒரே எழுத்துத்தான் வரும். எந்தப் பெயர்களைத் தேர்வது என்ற கேள்விக்கு அந்த முறையில் அவர் விடை தேடலாம். தேர்ந்த இரண்டு பெயர்களில் எது யாருக்கு என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இதை மாமனாரிடம் அவருடைய சோதிடரையே சொல்லச் சொன்னால் போதும்.

உங்கள் கணவரின் சீட்டு யோசனையை நீங்கள் சற்று விளையாட்டாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. சாமி படத்தின் முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொல்லி முடிவு செய்யும் வழக்கம் நம் குடும்பங்களுக்குப் பழக்கமானது. எந்தத் தரப்பும் தோற்றதாக அதில் ஆகாது. பிறந்த வரிசைப்படி வைப்பதை உங்கள் நாத்தனார் எந்த வகையிலும் ஏற்கவில்லை என்றால், மீனாட்சி, யாழினி என்று எழுதிய இரண்டு சீட்டுகளை முதலில் பிறந்தவளின் தொட்டிலருகே வைத்து ஒன்றை எடுக்கச் செய்யுங்கள். ஒரே நிபந்தனை, எடுத்த பிறகு மறு சீட்டு என்ற பேச்சு வரக் கூடாது.

வரிசையையும் சீட்டையும் நான் ஏற்றுக்கொள்வதற்கும், எடையையும் உடல்நிலையையும் முகச்சாயலையும் மறுப்பதற்கும் காரணம் ஒன்றே. இந்தக் குழந்தைகள் எட்டு, ஒன்பது வயதில் கட்டாயம் உங்களிடம் கேட்பார்கள்: எனக்கு ஏன் இந்தப் பெயர், அவளுக்கு ஏன் அந்தப் பெயர்? இரட்டையர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. "நீ முதலில் பிறந்தாய், அதனால் பாட்டியின் பெயர் உனக்கு வந்தது" என்று இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லலாம். "சீட்டில் வந்தது" என்றும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். "நீ பிழைப்பாயோ மாட்டாயோ என்று இருந்தது, அதனால் பாட்டி பெயரை உன் தங்கைக்குக் கொடுத்துவிட்டோம்" என்பதை எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லாவிட்டாலும் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் யாராவது சொல்லிவிடுவார். பெயரைவிட அந்தக் காரணம்தான் குழந்தையோடு கூடவே வளரும்.

உங்கள் நாத்தனாருக்கும் இந்த விழாவில் ஓர் இடம் கொடுங்கள். குழந்தையின் காதில் மும்முறை பெயர் சொல்வது அத்தையின் உரிமை என்று பல குடும்பங்களில் வழக்கம் உண்டு. முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தம் தாயின் பெயரைச் சொல்லட்டும்; யாழினி என்ற பெயரை உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லட்டும். பழைய பெயர் கிடைத்தவள் பின்னாளில் வருந்துவாளோ என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாகரிகம் என்று இன்று வைக்கப்படும் பெயர்களும் இன்னும் இருபது ஆண்டுகளில் பழைய பெயர்களாகிவிடும்.

பெயர்களைத் தேர்ந்த விதத்துக்காக உங்களைப் பாராட்ட வேண்டும். மீனாட்சி - காமாட்சி, ஹரிணி - தாரிணி என்று ஒலி ஒத்துவரும்படி பார்த்து இரட்டையருக்குப் பெயர் வைப்பதில் நம் வீடுகளுக்குத் தனி ஆசை உண்டு. மருத்துவமனையில் அது தொல்லை. இரட்டையருக்குப் பிறந்த தேதி ஒன்று, இனிஷியல் ஒன்று, முகவரி ஒன்று, கைப்பேசி எண்ணும் ஒன்று. பெயரும் ஓரிரு எழுத்தில்தான் மாறும் என்றால், கணினியில் ஒருத்தியின் கோப்பைத் திறக்கப்போய் மற்றவளின் கோப்பைத் திறப்பதும், பரிசோதனைக்கு எடுத்த இரத்தக் குப்பியில் ஒட்டிய சீட்டு மாறுவதும் எளிதாக நடந்துவிடும். மீனாட்சியும் யாழினியும் காதுக்கும் கண்ணுக்கும் வேறானவை. வீட்டில் சுருக்கிக் கூப்பிடும்போதும் மீனு, சீனு என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. குழந்தையைப் பொறுத்தவரை இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. நான்கரை மாத வாக்கில்தான் ஒரு குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துணர்ந்து, அதைக் கூடுதலாகக் கவனிக்கத் தொடங்குகிறது. ஒன்பது மாத வாக்கில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், பார்க்காவிட்டால் காதையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கச் சொல்கிறோம். ஆகவே முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் பெயரை இடம் மாற்றினால் குழந்தைக்குத் தெரியப்போவதில்லை; குழம்புவது பெரியவர்கள்தான். ஆனால் இரட்டையரிடம் ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொருத்தியும் தன் பெயரைக் கேட்கும் அளவுக்கு மற்றவளின் பெயரையும் கேட்கிறாள். எனவே "பாப்பாக்களா" என்று பொதுவாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்காமல், பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் அந்தந்த முகத்தைப் பார்த்து அந்தந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இப்போது உங்கள் வீட்டில் "குண்டுப் பாப்பா, ஒல்லிப் பாப்பா" என்று யாரேனும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், பெயர் சூட்டிய நாளோடு அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு அதை மருத்துவமனையே செய்துவிடுகிறது. பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை, மனம் மாறியது என்பதற்காகப் பதிவேட்டில் மாற்றுவது எளிதன்று. எழுத்துப்பிழை போன்றவற்றைத் திருத்துவதற்கு இருக்கும் வழி இதற்குப் பொருந்தாது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் எழுதப்படுவது வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். வீட்டில் சூட்டிய பெயர்களை ஓரிரு மாதம் கூப்பிட்டுப் பாருங்கள். நிலைத்துவிட்டது என்று தோன்றியதும் பதிவாளரிடம் செல்லுங்கள். ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

செல்லும்போது ஒரு கவனம் தேவை. இரட்டையருக்குத் தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஆனால் பெயர் சேர்ப்பதற்கு முன்பு அந்த இரண்டு சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தேதி, பாலினம், பெற்றோர் பெயர், பிறந்த இடம், முகவரி எல்லாமே ஒன்றாக இருக்கும். பதிவு எண் மட்டுமே வேறுபடும். எந்த எண் முதல் குழந்தைக்கு உரியது என்று மருத்துவமனையிடமோ பதிவாளரிடமோ கேட்டு, அதை இருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டு பெயர்களையும் ஒரே நாளில் சேருங்கள். ஸ்கேன் அறிக்கையில் முதல் கரு, இரண்டாம் கரு என்று இருப்பதை இதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அது கருப்பை வாய்க்கு அருகில் இருப்பது எது என்பதை வைத்து இடப்படும் குறி, பிறந்த வரிசையோடு அது பொருந்தாமல் போவதும் உண்டு.

மாற்றிவிடுவோமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. உண்மையில் பெயர்ப் பிரச்சினையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இன்று எடை வேறுபாட்டை வைத்து எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். எடை நெருங்க நெருங்க அந்த அடையாளம் போய்விடும். ஒரே மரபணு உடையவர்கள் என்பதால் இரத்த வகையோ மரபணுச் சோதனையோ கைகொடுக்காது. இத்தகைய இரட்டையருக்கும் கைரேகை வேறுபடும் என்பது உண்மைதான், ஆனால் ஐந்து வயது வரை ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. எனவே வீட்டிலேயே ஓர் அடையாளம் வேண்டும். மூத்தவளின் ஒரு கால் பெருவிரல் நகத்தில் மட்டும் நகப்பூச்சு இட்டு, மங்குவதற்கு முன்பே மறுபடி இடுங்கள். விரலைச் சப்பும் பருவம் என்பதால் கை நகத்தில் வேண்டாம். இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிற்றை ஒருத்திக்குக் கறுப்பாகவும் ஒருத்திக்குச் சிவப்பாகவும் கட்டலாம். வாரம் ஒருமுறை இறுக்கம் பார்த்துத் தளர்த்த வேண்டும். மணிக்கட்டில் மணி கோத்த வளையலும், மெல்லிய நூலும் கூடாது. மருதாணி வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஜி6பிடி என்ற நொதிக்குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மருதாணி சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

குழந்தைகள் மாறிப்போவது பெரும்பாலும் குளியல் நேரத்தில். எண்ணெய் தேய்ப்பதற்காக இருவரின் சட்டையையும் கயிற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, சாம்பிராணி போடும்போது யார் எவள் என்று திகைப்பார்கள். ஒருத்தியைக் குளிப்பாட்டித் துடைத்து, அடையாளம் சரிபார்த்துத் தொட்டிலில் போட்ட பிறகுதான் மற்றவளின் துணியைக் கழற்ற வேண்டும் என்று குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து ஒருத்திக்கே இரண்டு முறை போய் மற்றவளுக்குப் போகாமல் இருப்பதும் இரட்டையர் உள்ள வீட்டில் அடிக்கடி நடக்கிறது. கொடுத்தவுடன் சுவர் நாட்காட்டியில் மீ, யா என்று தனித்தனியே குறியுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது இரண்டு அட்டைகளிலும் பெயர் எழுதப்பட்டிருக்கட்டும்; ஒருத்திக்குப் போட்டு அவளுடைய அட்டையில் எழுதி முடித்த பிறகு மற்றவளை நீட்டுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளுக்கு, குறைமாதத்தால் விழித்திரையில் பாதிப்பு ஏதும் உண்டா என்று பிறந்த முப்பது நாட்களுக்குள் கண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். முதல் குழந்தைக்கு அது ஏற்கெனவே முடிந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் குறிப்பு இருக்கும். இல்லையென்றால், உங்கள் கணக்குப்படி விழா நாளும் பரிசோதனைக்கான கெடுவும் ஒரே நாளில் வருகின்றன. பரிசோதனைக்கு நாளையே நேரம் கேட்டு வாங்குங்கள், கிடைக்கும் நேரம் விழாவோடு மோதினால் விழாவைத் தள்ளிவையுங்கள். அவளுக்கு இன்னும் பெயர் இல்லாததால் சீட்டில் உங்கள் பெயரோடு முதல் குழந்தை என்றும், பிறந்த எடை 1.7 கிலோ என்றும் எழுதச் சொல்லுங்கள்.